பெட்டியோடு வந்த கூலரிலேயே ஓவர்கிளாக்: என் அனுபவம்

ஓவர்கிளாக் என்றால் ப்ராசசரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. என் ரைசன் 5 2600 ப்ராசசரின் எல்லாக் கோர்களையும் (உள்ளே இருக்கும் கணிப்புப் பிரிவுகளை) 4.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு வோல்டேஜை ஆட்டோவிலேயே விட்டதுதான் என் தவறு. மதர்போர்டு தானாகவே 1.42 வோல்ட் கொடுக்க, ப்ராசசர் பெட்டியோடு வந்த சின்னக் கூலர் தாங்கவில்லை, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போட்ட பத்தாவது நிமிடம் 94 டிகிரி, அப்புறம் கணினி அணைந்தேவிட்டது. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடுவதால், முதலில் குறைக்க வேண்டியது வோல்டேஜைத்தான். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) 3.8 கிகாஹெர்ட்ஸ், 1.225 வோல்ட் என்று கையால் வைத்தேன்.

ப்ராசசரிலிருந்து கூலருக்கு வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதையும் மாற்றினேன். கூலரைச் சற்றுச் சூடாக இருக்கும்போதே மெல்லத் திருகி எடுங்கள், வெடுக்கென்று இழுத்தால் ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்து வந்துவிடும், பின்கள் வளைந்துவிடும். பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் போதும். சரி, ப்ராசசருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95-ஐ இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், 85 டிகிரியைத் தாண்டவில்லை.