கொரியப் படத்தைத் தமிழ்க் காதோடு பார்ப்பது எப்படி? 'பாரசைட்' வழியாக ஒரு செய்முறை

"பாரசைட்டா? பார்த்துட்டேனே. பணக்காரன், ஏழை கதைதானே?" என் சித்தி மகன் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியில் அந்தப் படம் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, சர்வதேசப் படம் என்று நான்கு ஆஸ்கர் விருதுகளை அள்ளியபோது ஆங்கிலப் பத்திரிகைகள் பலவும் இதையேதான் கொஞ்சம் நீட்டி எழுதின.

கொரியப் படங்களில் வர்க்கம் கதையில் மட்டும் இருப்பதில்லை. வீடு எந்த உயரத்தில் இருக்கிறது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், தட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான் பாதி இருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலை நம்பிப் பார்த்த மேற்கத்திய ரசிகர்களுக்கு இதில் ஒரு பகுதி போய்ச் சேரவே இல்லை. நமக்கும் அதே சப்டைட்டில்தான். ஆனால் நம் மொழியில் நீ வேறு, நீங்க வேறு. அக்காவும் அண்ணனும் சொந்தக்காரர்களுக்கு மட்டுமான சொற்கள் இல்லை. இதை வைத்துக்கொண்டே விட்டுப்போனதில் கொஞ்சம் பிடித்துவிடலாம். கதை முழுவதையும் சொல்லப்போகிறேன், எனவே பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டு, ஒரு பேனா, கையில் ரிமோட், இரண்டு மாலை நேரம். அவ்வளவுதான்.

சப்டைட்டில் பட்டியலில் 'இங்கிலீஷ்', 'இங்கிலீஷ் சிசி' என்று இரண்டு இருந்தால் முதலாவதைப் போடுங்கள். சிசி பெரும்பாலும் ஆங்கில டப்பிங்கை ஒட்டி எழுதப்பட்டிருக்கும், அதனால் மூலத்தை விட்டு இன்னும் தள்ளிப் போயிருக்கும். 2021இல், கடனில் மூழ்கியவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஆடும் 'ஸ்க்விட் கேம்' என்கிற கொரியத் தொடர் வந்தபோது இது பெரிய சண்டையாகவே ஆனது. அதில் ஒரு பெண், "எனக்கு மூளை நிறைய இருக்கு, படிக்கத்தான் வாய்ப்பு கிடைக்கலை" என்கிற பொருளில் ஒரு வரி சொல்வாள். சிசியில் அது "நான் மேதை இல்லை, ஆனாலும் சமாளிச்சுடுவேன்" என்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு வரிதான், ஆனால் அவளுடைய வர்க்கமே அதில் இருந்தது.

படி 1: சும்மா பாருங்கள்

முதல் தடவை நோட்டைத் தொடவேண்டாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். மறுநாள் மாலை அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: உயரத்தை வரையுங்கள்

நோட்டில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதுதான் தெருமட்டம். இப்போது ஒவ்வொரு காட்சியும் அந்தக் கோட்டுக்கு மேலே நடக்கிறதா, கீழே நடக்கிறதா என்று புள்ளி வையுங்கள்.

படம் தொடங்குவதே கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. காலுறை காயும் ஜன்னல், அதற்கு வெளியே தெரு. கதையின் ஏழைகளான கிம் குடும்பம் குடியிருப்பது 'பான்ஜிஹா' என்கிற பாதி நிலத்தடி வீடு. இது படத்துக்காகக் கற்பனை செய்தது அல்ல. 1968இல் வடகொரியக் கமாண்டோக்கள் சியோலுக்குள் புகுந்து அதிபர் மாளிகையைத் தாக்க முயன்றார்கள். அந்தப் பதற்றத்தில், 1970இல் கட்டடச் சட்டம் மாறி, புதிய கட்டடங்களில் பதுங்குவதற்கு நிலவறை வைக்கச் சொன்னது அரசு. ஆள் குடியிருக்க அல்ல. பிறகு சியோலில் வீடு கிடைக்காத நெருக்கடி வந்து, 1980களில் அதே அறைகளை வாடகைக்கு விடுவது சட்டப்படியே சரி என்றாகிவிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி சியோலில் மட்டும் சுமார் 2 லட்சம் குடும்பங்கள் இப்படி வாழ்ந்தன.

அந்த வீட்டுக் கழிப்பறையைப் பார்த்தீர்களா? வீட்டிலேயே உயரமான இடம் அதுதான். மேடை கட்டி, கூரையில் தலை இடிக்கிற மாதிரி பீங்கானை வைத்திருப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வீடு சாக்கடைக் குழாய்க்கும் கீழே இருந்தால் வேறு வழியில்லை, தாழ வைத்தால் கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். மழைக் காட்சியில் மகள் அந்த மூடியின் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும்போது, அடியில் அதுதான் பொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி, கிம் குடும்பம் ஒவ்வொருவராக வேலைக்குச் சேரும் பணக்காரப் பார்க் வீட்டுக்கு வாருங்கள். கிம் வீட்டு மகன் முதல் தடவை வேலை கேட்டுப் போகும்போது மேட்டுத் தெருவில் ஏறுகிறான், கேட் திறந்த பிறகும் படி ஏறுகிறான், கடைசியில்தான் புல்வெளியும் வெயிலும். மழை இரவில் அப்பாவும் பிள்ளைகளும் அதே வழியை இறங்குகிறார்கள். தெரு, படி, சுரங்கப்பாதை, மறுபடி படி. தண்ணீரும் கூடவே இறங்குகிறது. உங்கள் நோட்டில் புள்ளிகள் சறுக்கிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டும். அப்புறம் பார்க் வீட்டுக்கு அடியில் இருக்கும் ரகசிய நிலவறைக்குத் தனியாக ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தின் அடியில்.

இயக்குநர் போங் ஜூன்-ஹோ தங்களுக்குள் இதைப் 'படிக்கட்டுப் படம்' என்றே சொல்லிக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2022 ஆகஸ்டில் சியோலில் பேய்மழை கொட்டியபோது குவானாக் பகுதியில் ஒரு பான்ஜிஹா வீட்டுக்குள் சிக்கி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இத்தகைய வீடுகளைப் படிப்படியாக ஒழிக்கப்போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. வெளிநாட்டுச் செய்திகள் பலவும் அந்த வீட்டை 'பாரசைட்' பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்தின.

படி 3: சப்டைட்டிலை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

ஒரு காகிதத்தை மடித்துத் திரையின் அடியில் ஒட்டுங்கள். பத்து நிமிடம் போதும். கொரிய மொழி தெரியவேண்டாம், மூன்று விஷயங்கள் காதில் விழுந்தால் போதும்.

முதலாவது 'சாமொனிம்'. முதலாளியின் மனைவியை வேலைக்காரர்கள் அழைக்கும் சொல். கிம் குடும்பத்தில் ஒவ்வொருவராக அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் இந்தச் சொல்லும் குரலில் ஒரு பணிவும் எப்படித் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்று கவனியுங்கள். தங்கள் வீட்டில் இவர்கள் பேசும் தொனியே வேறு.

இரண்டாவது 'ஊன்னி'. ஒரு பெண் தன்னைவிட மூத்த பெண்ணை அழைப்பது. நம் 'அக்கா'வேதான். வேலையிலிருந்து துரத்தப்பட்ட பழைய பணிப்பெண் மழையில் நனைந்து வந்து, நிலவறையில் ஒளிந்திருக்கும் தன் கணவனைக் காட்டிக்கொடுக்காதே என்று கெஞ்சும்போது புதிய பணிப்பெண்ணான கிம் வீட்டு அம்மாவை 'ஊன்னி' என்கிறாள். "நான் ஒண்ணும் உன் அக்கா இல்லை" என்று இவள் தள்ளிவிடுகிறாள். சில நிமிடங்களில் நிலைமை தலைகீழ். பழையவள் கையில் போன், அதில் இவர்கள் குட்டெல்லாம் வீடியோவாக இருக்கிறது. உறவு கொண்டாடுவது இப்போது இவள் முறை, காறித் துப்பாத குறையாக மறுப்பது அவள் முறை. சப்டைட்டிலில் இது 'சிஸ்'. ஆங்கிலக் காதுக்கு அது ஏதோ கொச்சைப் பேச்சு. கடன் கேட்கும்போது மட்டும் 'அக்கா' போடுகிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தவர்களுக்கு உறைக்கிற மாதிரி அங்கே உறைக்காது.

மூன்றாவது நமக்கு நன்றாகவே தெரிந்த மொழி, ஆங்கிலம். பார்க் வீட்டு அம்மா பேச்சின் நடுவே ஆங்கில வாக்கியங்களைத் தூவுவார். ஆங்கில சப்டைட்டிலில் எல்லாமே ஆங்கிலமாகிவிடுவதால் இந்தப் பவுசு தண்ணீரில் கரைத்த மாதிரி காணாமல் போய்விடும். நமக்கு இதை யாரும் விளக்கவேண்டாம். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த கூடாரம் ஒழுகாது என்று அவர் நம்புவதும் இதே வகைதான். கூடாரம் உண்மையிலேயே ஒழுகவில்லை என்பதுதான் கொடுமை.

இதே வேலையை 'ஸ்க்விட் கேமில்' செய்து பாருங்கள். பாகிஸ்தானியத் தொழிலாளி அலி, படித்த சாங்-வூவை 'சாஜாங்-நிம்' (முதலாளி) என்றே அழைக்கிறான். அப்படி வேண்டாம், 'ஹியொங்' என்று கூப்பிடு என்கிறான் அவன். அதாவது 'அண்ணே'. சப்டைட்டிலில் அது பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக மாறிவிட்டது. அந்த அண்ணன்தான் பிறகு கோலிகுண்டு ஆட்டத்தில் தம்பியை ஏமாற்றிச் சாகக் கொடுக்கிறான்.

படி 4: மூக்கும் வயிறும்

மழையால் முகாமிலிருந்து திரும்பும் வழியில் பார்க் வீட்டு அம்மா யான்-க்யோ போன் செய்து எட்டு நிமிடத்தில் தயாராக இருக்கட்டும் என்று சொல்லும் நூடுல்ஸ், 'ஜாப்பாகுரி'. சாப்பகெட்டி, நியோகுரி என்கிற இரண்டு பாக்கெட்டுகளைக் கலந்து செய்வது. விடுதி மாணவர்கள் கிளறித் தின்கிற மலிவுச் சாப்பாடு. அதன் மேல் ஹன்வூ என்கிற விலையுயர்ந்த கொரிய மாட்டிறைச்சியைப் போடச் சொல்கிறார், சின்னப் பையனுக்காக. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் டார்சி பாக்கெட் இதற்கு 'ராம்-டான்' என்று புதுச் சொல்லையே உருவாக்கினார். வேறு வழியும் இல்லை, எட்டு நிமிடத் தவிப்பை நிறுத்திவிட்டு அடிக்குறிப்பா போட முடியும்? படம் ஓடியதும் மேற்கில் பலரும் அதைச் சமைத்துப் படம் போட்டார்கள். இறைச்சியின் விலைதான் இங்கே நகைச்சுவை என்பது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

அப்புறம் வாசனை. பார்க் தன் டிரைவரான கிம் வீட்டு அப்பாவைப் பற்றி மனைவியிடம் சொல்லும்போது, சுரங்க ரயிலில் போகிறவர்களுக்கென்று ஒரு வாசனை உண்டு என்கிறார். கொரியத்தில் அவர் 'ஆட்கள்' என்று சொல்லவில்லை, 'பூன்' என்கிற மரியாதைச் சொல்லைப் போடுகிறார். ரயிலில் போகிற 'பெரியவங்க' என்கிற தொனி. மரியாதை குறையாமல் மூக்கைப் பொத்துகிறார். ரயிலில் போய் ரொம்ப நாளாச்சு என்கிறார் மனைவி. டிரைவர் அப்போது அவர்கள் காலடியில், மேசைக்கு அடியில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

படி 5: கடல் தாண்டாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்

மகளின் போலிச் சான்றிதழைப் பார்த்து அப்பா, இதற்கென்று சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடப்பிரிவு இருக்கிறதா என்று மெச்சுவார். சப்டைட்டிலில் அது ஆக்ஸ்போர்டு. 'ஜெசிகா' என்கிற பொய்ப் பெயரில் வேலைக்குப் போகும் முன் மகள் பாடும் பாட்டின் மெட்டு, தோக்தோ தீவு எங்களுடையது என்று குழந்தைகள் மனப்பாடம் செய்யும் பாட்டுடையது. பொய்யை மறக்காமல் இருக்கப் பள்ளிக்கூட மெட்டு. அமெரிக்காவில் அது ரிங்டோன் ஆனது.

இவற்றைவிட முக்கியம் கேக் கடை. கிம் வீட்டு அப்பா கி-டெக்கும் நிலவறை மனிதனும் ஒரே தொழிலில்தான் தோற்றார்கள், தைவான் காஸ்டெல்லா கேக். 2016 வாக்கில் கொரியாவெங்கும் முளைத்த இந்தக் கடைகள், மறுவருடம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கேக்கில் எண்ணெய் ஊற்றுவதைக் காட்டியதும் வரிசையாக மூடின. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வேலை இழந்தவர்கள் கையிலிருந்த பணத்தைப் போட்டுக் கோழிக்கடை, கேக் கடை வைப்பதும் கடனில் மூழ்குவதும் அங்கே தெரிந்த கதை. மேற்கத்திய விமர்சனங்களில் கிம் குடும்பம் 'பிறவி ஏழைகள்' போல வரும். அவர்கள் ஒரு படி வழுக்கி விழுந்தவர்கள்.

படி 6: இப்போது மேற்கைப் பாருங்கள்

இதுவரை எழுதியதையெல்லாம் வைத்துக்கொண்டு, ஆங்கில விமர்சனம் இரண்டைத் தேடிப் படியுங்கள். 'உலகப் பொதுவானது' என்கிற பாராட்டை எத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்று எண்ணுங்கள். இது தப்பு என்று சொல்லமாட்டேன். நாம் எல்லோரும் முதலாளித்துவம் என்கிற ஒரே நாட்டில்தான் வாழ்கிறோம் என்று போங்கே சொன்னார். ஆனால் பொதுவாக்கினால் ஒரு வசதி இருக்கிறது. யாருடைய வீட்டுப் படிக்கட்டு என்று கேட்கவேண்டியதில்லை. ஹாலிவுட்டின் பெரும் பணக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டியதில் எனக்கு இன்றும் ஒரு சிரிப்பு உண்டு. அதே மேடையில் நன்றி சொன்ன நிர்வாகத் தயாரிப்பாளர் லீ மி-கியூங், சாம்சங் நிறுவனரின் பேத்தி. இதில் யாரையும் வில்லனாக்க முடியாது. கொரிய அதிபராக இருந்த பார்க் குன்-ஹே ஆட்சியின்போது அரசுக்குப் பிடிக்காத கலைஞர்கள் என்று தயாரான பட்டியலில் போங், நடிகர் சாங் காங்-ஹோ பெயர்கள் இருந்தன. லீயும் அந்த ஆட்சியின் நெருக்கடியில் ஒதுங்க வேண்டிவந்தது.

நம் ஊர்க் கூத்தும் உண்டு. படத்தின் கதை 1999இல் வந்த 'மின்சார கண்ணா'வுடையது என்று ஒரு தமிழ்த் தயாரிப்பாளர் அப்போது கிளம்பினார். குடும்பமே ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேரும் என்பதைத் தாண்டி எனக்கு ஒற்றுமை எதுவும் தெரியவில்லை.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். 2019இல் கொரியாவில் மிக அதிகம் ஓடியது 'பாரசைட்' இல்லை. கோழிக்கடை நடத்தும் போலீஸ்காரர்களைப் பற்றிய 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' என்கிற நகைச்சுவைப் படம், 1.6 கோடி டிக்கெட். மேற்கு கொரியாவிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதும் ஒரு தேர்வுதான். எடுத்துக்கொண்டதை என்ன செய்கிறது என்பதற்கு 2023ஐப் பாருங்கள். கடனில் மூழ்கியவர்களைக் கொல்லும் ஆட்டத்தைப் பற்றிய 'ஸ்க்விட் கேமை' எடுத்து, 456 நிஜ மனிதர்களை 45.6 லட்சம் டாலருக்காக ஓடவிட்டு ரியாலிட்டி ஷோ ஆக்கினார்கள்.

படி 7: அடுத்து என்ன பார்ப்பது

பின்னால் போக விரும்பினால் கிம் கி-யங்கின் 'ஹவுஸ்மெய்ட்' (1960). புதிதாகக் கட்டிய இரண்டு மாடி வீடு, ஒரு பணிப்பெண், ஒரு படிக்கட்டு. போங் இதிலிருந்துதான் படிக்கட்டை எடுத்துக்கொண்டார். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் பழைய படங்கள் பலவற்றை இலவசமாகப் போட்டிருக்கிறது, அங்கே ஒரு நோட்டம் விடுங்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்திலேயே இருக்க விரும்பினால் லீ சாங்-டாங்கின் 'பர்னிங்' (2018). மெதுவான படம், பொறுமை வேண்டும். நாயகியின் வாடகை அறை வடக்கு பார்த்தது, நேரடி வெயிலே கிடையாது. நாம்சான் கோபுரத்துக் கண்ணாடியில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம் மட்டும் நாளுக்கு ஒரு தடவை சுவரில் வந்து விழும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். அந்தக் காட்சி வரும்போது படத்தை நிறுத்தாமல், வெளிச்சம் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். பிறகு போர்ஷே வைத்திருக்கும் பென்னின் வீட்டில் ஜன்னல்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.