பழைய பிக்கப் வாங்கும் முன் சேசிஸைத் தட்டிப் பாருங்கள்

பழைய பிக்கப் டிரக் பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் கொண்டுபோங்கள். விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வண்டியைத் தாங்கி அடியில் ஓடும் இரும்புச் சட்டமான சேசிஸை முன்னாலிருந்து பின்னால் வரை லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று கணீரென ஒலிக்கும். அரித்துப்போன இடத்தில் சத்தம் 'தொப்' என்று அமுங்கிவிடும்.

பல பிக்கப்களில் சேசிஸ் பெட்டி போல உள்ளே வெற்றிடமாக இருக்கும். அதற்குள் புகுந்த சேறும் ஈரமும் எளிதில் வெளியேறாமல் தங்குவதால், துரு உள்ளிருந்தே தகட்டைத் தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். (பழைய வண்டிக்கு அடிப்பக்கம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.) பின்சக்கரத்துக்கு மேல் சேசிஸ் வளைந்து ஏறும் இடத்தையும், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் தாங்கிகளையும் நிதானமாகப் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கேதான் அப்பிக்கொள்ளும். மேலே பழுப்பாகப் படிந்த துரு பரவாயில்லை. தட்டும்போது செதில் செதிலாகக் கொட்டினாலோ, சுத்தியல் பட்ட இடம் உள்வாங்கினாலோ அந்த வண்டி வேண்டாம்.

அடியில் ரப்பர் போன்ற தடித்த பூச்சு இருந்தால் நல்ல இரும்பும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அப்போது இந்தச் சோதனையை நம்ப முடியாது. தனி சேசிஸ் இல்லாமல் கார் போலப் பாடியோடு சேர்த்தே கட்டிய பிக்கப்களுக்கும் இது சரிவராது. அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள்.