இறைச்சியை விட்டால் செலவு குறையும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய பாணி சோடா ஃபவுண்டன் உணவகத்தில் (சோடா, ஐஸ்கிரீம் பானங்களோடு சாப்பாடும் தரும் கடை) மதியம் சாப்பிட்டால் ‘வெஜிடபிள் பிளேட்’ கேளுங்கள். நாஷ்வில் நகரில் 1939இல் தொடங்கிய எல்லிஸ்டன் பிளேஸ் சோடா ஷாப் போன்ற கடைகளில் வழக்கமான தட்டு என்பது ஓர் இறைச்சியும் மூன்று தொடுகறிகளும். இறைச்சியை விட்டுத் தொடுகறிகளை மட்டும் வாங்குவதுதான் ‘வெஜிடபிள் பிளேட்’; பொதுவாக அதற்கு விலை குறைவு. சோள ரொட்டியும் பெரும்பாலும் கூடவே வரும். மில்க் ஷேக்குக்கும் வயிற்றில் இடம் மிஞ்சும். (சீஸ் கொட்டிய மக்ரோனியும் அங்கே காய்கறிப் பட்டியலில்தான்!)

பெயரை நம்பிச் சைவர்கள் ஏமாற வேண்டாம். கீரையையும் பீன்ஸையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். எதில் இறைச்சி இல்லை என்று பரிமாறுபவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.