மூக்குல ஒரு உருண்டை கரம்பை: தெர்மாகோல் பிளேன் செஞ்சு பறக்கவிடுத வழி

பிளேன் எப்படி மாமா மேல நிக்கின்னு அக்கா மவன் கேட்டான், எனக்குத் தெரிஞ்சத எல்லாம் அரை மணி நேரம் அளந்தேன், பய கொட்டாவி விட்டுட்டான். சரி வால மாப்ள, செஞ்சே பாப்போம்னு எறங்குனதுல அவன விட நாந்தான் கூடக் கத்துக்கிட்டேன். எல்லாரும் றெக்கை றெக்கைன்னுதான் பேசுதாவ, ஆனா பிளேன் பறக்கதும் பறக்காததும் வெயிட்டு எங்க இருக்குங்கதுலதான் கெடக்கு.

வேண்டிய சாமான்: ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு விக்க தெர்மாகோல், கடையில கெடக்கதுலயே மெல்லிசா ஒண்ணு, 30 செ.மீ மூங்கில் குச்சி, ஒரு ஐஸ் குச்சி, ரப்பர் பேண்டு, ஃபெவிகால், செல்லோடேப், உப்புத்தாள், துண்டு சார்ட் பேப்பர், அப்புறம் கொளத்துக் களிமண்ணு, அதான் கரம்பை, ஒரு கைப்பிடி. உடனே ஒட்டுத சூப்பர் க்ளூ மட்டும் வேண்டவே வேண்டாம், தெர்மாகோல அரிச்சு ஓட்டை போட்டுரும், என் மொத றெக்கை அப்படித்தான் போச்சு.

றெக்கைக்கு 36 செ.மீ நீளம், 8 செ.மீ அகலம் வெட்டுங்க. முன்பக்க ஓரத்த உப்புத்தாள் போட்டு மழுங்க உருட்டணும், பின்பக்க ஓரத்த மெல்லிசா தேச்சு எறக்கணும். பெறவு அத நடுவுல ரெண்டா நறுக்கி, நுனி ரெண்டும் ஒரு 2.5 செ.மீ ஒசந்து நிக்க மாதிரி சாய்ச்சு ஒட்டி மேல டேப் போட்டு ராத்திரி பூரா காயவிடுங்க. இந்த மேல்சாய்வு எதுக்குன்னா, பிளேன் ஒரு பக்கமா சரிஞ்சா அந்தப் பக்கமாவே வழுக்கும், அப்ப தாழ்ந்த றெக்கையில காத்து கொஞ்சம் கூடுதல் கோணத்துல மோதும், அந்த றெக்கை தானா எந்திரிச்சிரும். பைலட் இல்லாத பிளேனுக்கு இதுதான் பைலட்.

றெக்கைக்கு அடியில நடுவுல ஐஸ் குச்சிய முன்னயும் பின்னயும் நீட்டிக்கிட்டு நிக்க மாதிரி ஒட்டி, அந்த ரெண்டு நுனியையும் மூங்கில் குச்சியோட ரப்பர் பேண்டால கட்டுங்க, பசை போட்டுறாதிய, றெக்கைய முன்ன பின்ன தள்ளணும்ல. குச்சி முனையில இருந்து 7 செ.மீ தள்ளி றெக்கையோட முன் ஓரம் வரட்டும். கடைசியில 14க்கு 5 செ.மீ வால் ஒண்ணு படுக்க, 6க்கு 5ல ஒண்ணு நெட்டுக்குத்தா. படுத்த வாலோட பின் ஓரத்துல சார்ட் பேப்பர் துண்ட டேப்பால ஒட்டி வைங்க, அத வளச்சு வளச்சுத்தான் பிளேனுக்கு புத்தி சொல்லப்போறோம்.

பசை காயுத நேரத்துல வீட்டுச் சொளக எடுத்துக்கிட்டு மாடிக்குப் போங்க. ஆனி ஆடிக் காத்துல சொளக காத்துக்கு நேரா படுக்கையா பிடிச்சா சும்மா இருக்கும், முன் ஓரத்த லேசா தூக்குனா கைய மேல இழுக்கும், இன்னும் தூக்குனா இன்னும் இழுக்கும், ஒரு அளவுக்கு மேல தூக்கிட்டா மேல இழுக்கது கொறைஞ்சு பின்னால தள்ளுததுதான் கூடும். மொத்தக் கதையும் இதுக்குள்ள இருக்கு. றெக்கை காத்த கீழ தள்ளுது, காத்து றெக்கைய மேல தள்ளுது. சுமார் 15 டிகிரிக்கு மேல போனா மேல்பக்கக் காத்து றெக்கைய ஒட்டாம பிஞ்சிரும், அதத்தான் ஸ்டால்னு சொல்லுவாவ. மேல போற காத்துக்கு தூரம் கூட, அதனால கீழ போற காத்தோட ஒரே நேரத்துல வந்து சேர வேகமா ஓடுதுன்னு நமக்கு சொல்லிக்குடுத்தது தப்பு, ஒரே நேரத்துல சேரணும்னு ஒரு சட்டமும் கெடையாது, நெசத்துல மேல போறது முன்னாடியே போயிரும். கயத்தாறு, முப்பந்தல்ல கரண்டு எடுக்க காத்தாடி எறகும் இதே றெக்கைதான், சுத்துது அவ்வளவுதான். நுனி வேகமா ஓடும், அடி மெதுவா ஓடும், அதனால நீளத்துக்கு எறகையே முறுக்கி வச்சிருப்பாவ, அடுத்த தடவ பஸ்ஸுல போகும்போது பாருங்க.

இப்ப முக்கியமான வேலை. றெக்கை முன் ஓரத்துல இருந்து 2 செ.மீ பின்னால ரெண்டு பக்கமும் விரல் நுனி வச்சு பிளேனத் தூக்குங்க, வால் தொங்கும். மூக்குல கரம்பைய உருட்டி உருட்டி ஒட்டி நேரா நிக்க வைங்க. இந்த எடைய வைக்காமதான் நெறைய பேரு என்னலே பறக்கவே மாட்டக்குன்னு தூக்கிப் போட்டுருதாவ.

விடுததுக்கு பிசான அறுப்பு முடிஞ்ச வயக்காடு மாதிரி எடம் கெடையாது, விழுந்தாலும் நெல்லுத் தாளுல விழும். காலையில காத்து எந்திரிக்கதுக்கு முந்தி போங்க. தோள் ஒசரத்துல, மூக்கு ஒரு பொடி கீழ பாக்க, காத்துக்கு எதிரா, தள்ளி விடணும், எறியக் கூடாது. மூக்கத் தூக்கி நின்னு தொப்புன்னு எறங்கி மறுபடி தூக்குனா ஸ்டால், இன்னும் கொஞ்சம் கரம்பை வைங்க, இல்ல றெக்கைய ஒரு அரை செ.மீ பின்னால தள்ளுங்க. நேரா மண்ணுல குத்துனா வால் பேப்பர கொஞ்சம் மேல வளைங்க. ஒரே பக்கமா சுத்துனா றெக்கை முறுக்கியிருக்கான்னு முன்னால நின்னு ஒத்தக் கண்ணால பாருங்க.

நல்லா வந்ததும் அளந்து பாருங்க. எங்களுக்கு ஒன்றரை மீட்டர் ஒசரத்துல இருந்து 9 மீட்டர் போச்சு, அதாவது ஒரு மீட்டர் எறங்கதுக்குள்ள 6 மீட்டர் முன்னால. 1983ல கனடாவுல ஒரு போயிங் 767க்கு பவுண்டு கிலோ குழப்பத்துல எண்ணெய் கொறவா ஊத்தி 41,000 அடியில இன்ஜின் நின்னு போச்சு, மீட்டருக்கு சுமார் 12ன்னு மெதந்து கிம்லின்னு ஒரு ஊருல பழைய ஓடுதளத்துல எறங்குச்சு, ஒரு உசிரு போகல.

அப்ப ராக்கெட்டுக்கு ஏன் றெக்கை இல்லன்னான் பய. காத்தே இல்லாத எடத்துக்கு போறதுக்கு றெக்கை என்னத்துக்கு? நம்ம மகேந்திரகிரியில இஸ்ரோ டெஸ்ட் பண்ணுத கிரையோஜெனிக் இன்ஜின், அதான் கடுங்குளிர்ல வச்ச திரவத்துல ஓடுத இன்ஜின், எரியுததுக்கு வேண்டிய ஆக்சிஜனக் கூட திரவமா தானே சொமந்துக்கிட்டுப் போகும்.

ரெண்டாம் நாள் ஒரு கூத்து. முந்தின நாள் வெண்ணெயா பறந்த அதே பிளேன் குதிச்சுக் குதிச்சு விழுது. றெக்கைய பாத்தோம், வாலப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. கடைசியில மூக்கத் தொட்டா கரம்பை காஞ்சு கல்லா நிக்கி, ஈரம் போனதுல எடை கொறைஞ்சு மூக்கு லேசாயிருச்சு! இது நெச பிளேனுக்கும் உள்ள தலைவலிதான், எண்ணெய் எரிய எரிய எடை நிக்க எடம் மாறும். 2003 வரைக்கும் பறந்த கன்கார்டுங்கிற பயணிகள் பிளேன்ல ஒலி வேகத்தத் தாண்டும்போது தூக்குவிசை பின்னால நகந்துரும்னு எண்ணெயவே முன் டாங்குல இருந்து பின் டாங்குக்கு பம்ப் பண்ணுனாவ. நமக்கு அம்புட்டு வேண்டாம், கரம்பைய மொதல்லயே வெயில்ல காயப்போட்டு பெறவு விரல்ல நிறுத்திப் பாருங்க, கொறஞ்சா மேல ஒரு சுத்து டேப் போதும்.