பழைய வீட்டுச் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்

பெங்களூரு மல்லேஸ்வரம், பசவனகுடி பக்கம் பழைய ஓட்டு வீட்டைக் குடும்பத்துக்கு ஏற்றபடி மாற்றுகிறீர்களா? "பழைய பூச்சைக் கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம் சார்" என்று மேஸ்திரி சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்படிப்பட்ட பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அதை உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் உப்புப் பூத்து, பெயிண்ட் உரியும். பெயர்ந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்புக் காரையே பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். பூசியபின் சில நாள் லேசாகத் தண்ணீர் தெளிக்கவேண்டும், சட்டென்று காய்ந்தால் விரிசல்தான். ஏசி, இண்டக்‌ஷன் அடுப்புக்குப் புது ஒயரிங்கைச் சுவரை வெட்டாமல் வெளியே பைப்பில் கொண்டுபோகலாம், பார்க்கவும் மோசமில்லை. ரெட் ஆக்சைடு தரைமேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள், மெழுகு பாலிஷ் போதும்.