ஓட்டம் முடிந்த குதிரைக்கு முதல் 90 நாள்

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி ஓடியது. இங்கே ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து, காயடித்து வந்தவை. 2011இல் துபாய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை வென்ற ராக்கெட் மேன்கூட அப்படித்தான். எத்தனை கோப்பை வாங்கினாலும் இனப்பெருக்கத்துக்குப் போக முடியாத குதிரை அது. ஏழெட்டு வயதில் ஓட்டம் முடிகிறது, ஆயுளோ 25 வயதைத் தாண்டும். இரண்டாவது வேலை கற்றுக்கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் தீவனம். பந்தயக் குதிரை தினமும் ஐந்தாறு கிலோ தானியம் தின்று பழகியிருக்கும். வேலை நின்ற பிறகும் அதே அளவு போட்டால் அந்தச் சூடு குணத்தில் தெரியும்: உதைக்கும், கடிக்கும், நின்ற இடத்தில் நிற்காது. அதற்காக ஒரே நாளில் நிறுத்தினால் வயிற்றுவலி வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ குறைத்து, இரண்டு வாரத்தில் பாதிக்குக் கொண்டுவாருங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 10 கிலோ உலர்புல் வேண்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கும்; ஐந்தாறு மணி நேரம் காலியாகக் கிடந்தால் சுவரை அரிக்கும். பந்தய லாயத்திலிருந்து வரும் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் மிகச் சாதாரணம். சேணத்தின் வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வந்தால் திமிர் என்று அடிக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிட்டு இரைப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள். சவாரிக்கு முன் ஒரு கை உலர்புல் கொடுப்பது எப்போதும் நல்லது.

நம் ஊர்ப் புழுக்கம் அடுத்த பிரச்சினை. சில குதிரைகளுக்கு இங்கே வியர்வையே நின்றுவிடும். சவாரி முடிந்ததும் கழுத்திலும் விலாவிலும் கை வைத்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிறது, தோல் மட்டும் காய்ந்து சுடுகிறது என்றால் அதுதான். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஓய்விலிருக்கும் குதிரையின் உடல் வெப்பம் 38.5 டிகிரியைத் தாண்டக்கூடாது. மலவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்துப் பழகுங்கள். காலை எட்டு மணிக்குள் சவாரியை முடித்துவிட வேண்டும். தீவனத்தில் தினமும் 30 கிராம் சாதாரண உப்பு கலந்தால் போதும், அதிகம் வியர்க்கும் நாளில் சற்றுக் கூட்டலாம்.

பந்தயத்துக்கு அடித்த அலுமினிய லாடம் மெல்லியது. அதைக் கழற்றிவிட்டு இரும்பு லாடம் அடிப்பதா, வெறுங்குளம்பாக விடுவதா என்பதை லாடக்காரர் குளம்பைப் பார்த்துச் சொல்லட்டும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அவர் வந்தாக வேண்டும். மழை மாதங்களில் ஈரத்தில் நிற்கும் குளம்பின் அடிப்பள்ளம் கறுத்து நாறும். தினமும் சுரண்டிக் காயவைத்தால் அது வராது.

இனி சவாரி. ஜாக்கியைத் தூக்கி ஏற்றும்போது பந்தயக் குதிரை நடந்துகொண்டே இருக்கும். அதனால் ஏறுபடிக்குப் பக்கத்தில் நில் என்றால் அதற்குப் புரிவதில்லை. முதல் வாரம் ஏறவே வேண்டாம்: படியருகே கொண்டுவந்து நிறுத்துங்கள், பத்து எண்ணுங்கள், கழுத்தைத் தடவிவிட்டு நடத்திக் கூட்டிப்போங்கள். பிறகு படியில் ஏறி நின்று முதுகில் கை மட்டும் வையுங்கள். இதைச் செய்யாமல் நேரே ஏறி விழுந்தவர்கள் அதிகம்.

கடிவாள வாரை இழுத்துப் பிடிக்கிறவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. வார் இறுகினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடு என்றுதான் அந்தக் குதிரை படித்திருக்கிறது. நீங்கள் பயந்து இழுக்க இழுக்க அது பாயும். வாரை ஒரு கணம் தளர்த்தி, பின்னால் நன்றாக உட்கார்ந்து, மூச்சை விட்டு, பெரிய வட்டமாகத் திருப்புங்கள். வேகம் தானே இறங்கும்.

கிராஞ்சியில் இடப்பக்கமாகவே திரும்பி ஓடியதால் வலப்பக்கம் வளைவது பல குதிரைகளுக்குக் கஷ்டம். நடையில் 20 மீட்டர் வட்டம் போட்டுத் தொடங்குங்கள், இடப்பக்கம் ஒன்று என்றால் வலப்பக்கம் இரண்டு. ஒரு மாதம் போகாமல் வட்டத்தைச் சிறிதாக்க வேண்டாம்.

தினமும் காலையில், சேணம் போடுவதற்கு முன், முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாணை விரலால் மேலிருந்து கீழே தடவுங்கள். இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும். ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ தட்டுப்பட்டால் நொண்டாவிட்டாலும் அன்று சவாரி இல்லை. 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விட்டு, மருத்துவரிடம் ஸ்கேன் கேளுங்கள். லேசான வீக்கம்தானே என்று ஓட்டினால் அந்தத் தசைநாண் அறுந்துவிடலாம். ஆற ஓராண்டுகூட ஆகலாம்.