டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு பொட்டாசியம் ஏறினால் என்ன செய்வது

ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் (இயல்பு 3.5 முதல் 5 வரை) எல்லாரும் முதலில் நிறுத்துவது வாழைப்பழத்தைத்தான். சரி, நிறுத்துங்கள். ஆனால் உருளைக்கிழங்கிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது, உலர்ந்த பழங்களிலும் தக்காளிப் பேஸ்ட்டிலும் அதைவிட அதிகம்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது உப்பு பாக்கெட்டை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று நினைத்து வாங்கியிருப்பார்கள், டயாலிசிஸ் செய்கிறவருக்கு அது வேண்டவே வேண்டாம். பதப்படுத்திய இறைச்சியிலும் பொட்டாசியம் பாஸ்பேட் சேர்ப்பது உண்டு, லேபிளைப் படியுங்கள்.

காய்கறி விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது, பொட்டாசியம் தண்ணீரில் கரையும். தோலைச் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கு என்றால் பாதி வெந்ததும் தண்ணீரை மாற்றி மறுபடி வேகவைத்தால் இன்னும் குறையும். வெறுமனே ஊறவைப்பதில் பெரிய பலன் இல்லை, ஆவியில் வேகவைத்தாலும் பெரும்பகுதி காயிலேயே தங்கிவிடும். அதே காரணத்தால்தான் சூப்பும் பழச்சாறும் ஆபத்து, ஒரு பழம் சாப்பிடுகிறவர் கூட சாறு என்றால் மூன்று நான்கு பழத்தை ஒரே மூச்சில் குடித்துவிடுவார். ஆப்பிள் போன்ற பழம் அளவாகச் சாப்பிடலாம். நட்சத்திரப் பழம் மட்டும் அறவே கூடாது, அதில் இருக்கும் நச்சு டயாலிசிஸ் செய்கிறவர்களின் மூளையைப் பாதிக்கும்.

சாப்பாட்டில் எல்லாம் சரியாக இருந்தும் ஏறுகிறதா? மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகம் கைவிட்ட பிறகு குடல்தான் கொஞ்சம் கூடுதலாக பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது, அதுவும் அடைத்துக்கொண்டால் ஏறத்தான் செய்யும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஒரு காரணம். லோசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் ஏற்றலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆரஞ்சு ஜூஸ் கொடுக்காதீர்கள், குளுக்கோஸ் போதும்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் ஒரு இடைவெளி மட்டும் நீளமாக இருக்கும், பொட்டாசியம் அதிகம் சேர்வது அப்போதுதான், விருந்து கல்யாணம் என்று போனால் அந்த நாட்களில் கையைக் கட்டுப்படுத்துங்கள். வயிற்று வழியாக தினமும் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி பெரும்பாலும் தேவைப்படாது, சிலருக்குப் பொட்டாசியம் குறைந்தும் போகும், அதனால் இன்னொருவரின் டயட் சார்ட்டை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

பொட்டாசியம் ஏறினால் உடம்பு எச்சரிக்கை கொடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், பல நேரம் எந்த அறிகுறியும் இருக்காது. கை கால் பலம் இழந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, இதயத்துடிப்பு மெதுவானாலோ அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், கடைசியாக டயாலிசிஸ் செய்த நாளை அங்கே முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.